கோரையாற்றுக்கு நகர்த்திய புயல்

திருச்சியில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு, கோரையாற்றுப் படுகையில் அதிகபட்சம் எவ்வளவு மழை பெய்யக்கூடும் என்று மதிப்பிடும் பணி வந்தது. கடலோரத்தில் முன்பு அடித்த ஒரு புயலைக் கணினி மாடலில் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே நகர்த்தி, மணப்பாறைப் பக்கம் பெய்ய வைத்துப் பார்த்தேன். புயலை வைத்துப் பார்த்த பல இடங்களில், ஓரிடத்தில் மட்டும் மழை மிக அதிகமாக வந்தது.

மேலதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையைக்கூடப் பார்க்கவில்லை. "அதை விட்டுடுங்கம்மா. மாடல் கோளாறு" என்றார்.

எனக்கு உறுத்தியது. முந்தின நாள்தான், ஆற்றங்கரையில் வீடு கட்டி விற்கும் ஒருவர் மேலதிகாரியின் அறையில் நெடுநேரம் பேசிவிட்டுப் போயிருந்தார். மழைக் கணக்கு குறைந்தால் வரைபடத்தில் வெள்ள எல்லையும் சுருங்கும். அது அந்த ஆளுக்கு வசதி.

ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். "சந்தேகப்பட்டா போதுமா? காட்டணும்ல?" என்றார்.

மறுநாள் மாடலுக்குக் கொடுத்திருந்த நில உயரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். விராலிமலைப் பக்கத்துச் சிறு குன்று ஒன்று, பெரிய மலையின் உயரத்தில் பதிவாகியிருந்தது. ஈரக்காற்று அதில் மோதி மேலேறியதால்தான் அவ்வளவு மழை. உயரத்தைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். மழை குறைந்து மற்ற இடங்களில் வந்த அளவோடு ஒத்துப்போனது.

மேலதிகாரியிடம் சொன்னபோது, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சிரித்தார்.

"பார்க்காமலே எப்படி சார் தெரிஞ்சுது?"

"அனுபவம்தாம்மா" என்றவர், அடித்த ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கணக்கில் அவர் சொன்னதுதான் சரி. அந்தப் பதிலை மட்டும் நான் இன்றுவரை நம்பவில்லை.