ரோசி தைத்த பொன்னாடை

செவ்வாய்க்கிழமை காலை, ராமநாதபுரத்தில் என் ரேடியோ கடையைத் திறந்துகொண்டிருந்தபோது தங்கச்சிமடத்திலிருந்து போன் வந்தது. "அண்ணே, அக்கா போயிருச்சுண்ணே" என்றான் ரோசியின் தம்பி. மாரடைப்பு. கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஏன் என்பது அவளோடு பழகிய உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

தையற்காரியான ரோசி ஒருநாள் சரிகை நூலோடு கடைக்கு வந்தாள். "ஏண்ணே, இதுல கரண்டு ஓடுமா?" மீட்டர் வைத்துப் பார்த்தோம். பிளாஸ்டிக் சரிகையில் ஓடவில்லை. செம்புச் சரிகையில் ஓடியது. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையைப் பிரித்து, அதிலிருந்த சில்லை ஒரு மேசை விரிப்பில் வைத்து, வயருக்குப் பதில் சரிகையால் தைத்தாள். விரிப்பிலுள்ள மீனின் கண்ணை அமுக்கினால் பாடும். உப்புக் காற்றின் ஈரத்தில் அது தானாகவும் பாடித் தொலைத்தது. எல்லாவற்றையும் பிரித்து, சரிகைக் கோடுகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு மறுபடி தைத்தாள். "அவுத்துத் தைக்கிறதுக்கு அலுத்துக்கிட்டா வேலை நிக்காதுண்ணே" என்பாள்.

தங்கச்சிமடத்தில் தையல் பயிற்சி கொடுக்க வந்த சென்னை வடிவமைப்பாளர் ஒருவர், பார்த்துவிட்டுத் தருவதாக அந்த விரிப்பை வாங்கிப் போனார். பிறகு அதைப் பத்திரிகைப் படத்தில்தான் பார்த்தோம். தன் கற்பனை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்றார். ரோசியின் பெயர் எங்கும் இல்லை. போனில் கேட்டதற்கு, "நீ தைச்சே, அவ்வளவுதானேம்மா" என்று வைத்துவிட்டார்.

அவள் அழவில்லை. "எம் பேரை நாலு பேரு முன்னால அந்தாளு கேக்கணும்ணே" என்றாள். பேச்சைப் பதிந்துவைக்கும் பொம்மைச் சில்லு ஒன்று வாங்கித் தரச் சொன்னாள். அதை வைத்து ஒரு பொன்னாடை தைத்தாள். தோளில் போர்த்தி இரு முனைகளும் மார்பில் ஒன்றன்மேல் ஒன்று பட்டால் அவள் குரல் பேசும்: "பாட்டு விரிப்பச் செஞ்சது தங்கச்சிமடம் ரோசி. இந்தாளு திருடுனவரு." இரண்டு விழாக்களுக்கு அவரை அழைக்க வைத்தோம். அவர் வரவில்லை. "மேடைன்னா என்னைக்காவது வருவாருண்ணே" என்று ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அதன் பேட்டரி செல்லை மாற்றிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் படத்திறப்புக்கு அவர் வருகிறார். 'என் மாணவி' பற்றிப் பேச வேண்டும் என்று அவரே கேட்டாராம். மாணவியாம்! துக்க மேடையில் பொன்னாடை போடும் வழக்கம் நமக்கில்லை. அவருக்கு மட்டும் நான் போடப்போகிறேன். இதைப் படித்துவிட்டு என் கையைத் தடுத்தாரானால் அதுவும் போதும். ஏன் என்று கூட்டமே கேட்கும்.

ரோசி எனக்கென்று விட்டுப்போனது அந்தப் பொன்னாடைதான். நேற்று புது செல் போட்டு முனைகளைச் சேர்த்துப் பார்த்தேன். குரல் கணீரென்று இருக்கிறது.