சத்தியத்துக்கு மருந்து இல்லை

பட்டாபிராமில் ஏறி அம்பத்தூரில் இறங்குவதற்குள் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் யாருடைய தலைவலியும் தீர்ந்துவிடும். ஒருத்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டால் போதும், நாலு கைப்பைகள் திறக்கும். வயிற்று வலிக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று, கோயிலுக்குப் போகும் வாரத்தில் மாதவிலக்கைத் தள்ளிப்போட ஒன்று. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்பதுபோலத்தான் மாத்திரை கேட்போம். டாக்டரிடம் போனால் அரை நாள் சம்பளம் போகும். பெட்டியில் கேட்டால் ஆவடி வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆளாளுக்கு அரை டாக்டராக இருந்தோம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் செய்து அனுப்பும் கம்பெனியில் எனக்கு வேலை. கட்டுகளைப் பிரித்துப் பார்த்து, நிறம் மாறியிருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். ஒரு வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் மதிய ஷிப்ட். மகள் பிறந்து ஐந்தாறு வருடங்கள் ஆனபோது எனக்குத் தூக்கம் கெட்டது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. உடம்புக்கு எந்த வாரம் எது என்று பிடிபடாமல் போயிற்று, அவ்வளவுதான்.

பெட்டியில் பூ கட்டிக்கொண்டே வரும் ஓர் அக்கா இருந்தாள். மடியில் மல்லிகை, வாயில் நூல், பேச்சு மட்டும் நிற்காது. என் கண்ணைப் பார்த்துவிட்டு, அவள் மாமியாருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்தாள். அன்றைக்கு நான் தூங்கிய தூக்கத்தை இன்றும் மறக்கவில்லை. கிணற்றில் கல் விழுந்த மாதிரி போனேன். மறுநாள் வண்டியில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அந்த மாத்திரைக்கு மட்டும் மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டு கேட்பார்கள். அதற்கும் அக்கா வழி கண்டுபிடித்தாள். மாமியாரின் சீட்டை ஐந்து ஜெராக்ஸ் எடுத்து, தூக்கம் வராத ஐந்து பேருக்கு ஆளுக்கொன்று கொடுத்தாள். பெட்டியே சிரித்தது. அந்தச் சீட்டின்படி எனக்கு வயது எழுபத்திரண்டு.

ஒரே கடையில் வாங்கினால் சந்தேகம் வரும் என்று ஒரு தடவை பட்டாபிராம், ஒரு தடவை ஆவடி, ஒரு தடவை திருமுல்லைவாயல் என்று மாற்றி மாற்றி வாங்கினேன். ஆவடிக் கடைக்காரர் அக்கறையுள்ளவர். “மாமியாருக்கு இப்ப எப்டிக்கா கீது?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். பரவாயில்லை என்பேன். பிறகு அதுவும் அலுத்து, முட்டி வலி என்றேன், நடக்க முடியவில்லை என்றேன். என் சொந்த மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர். இல்லாத மாமியாருக்கு நான் பார்த்த பணிவிடையை இருந்திருந்தால் பார்த்திருப்பேனா என்பது சந்தேகம்.

பாதி ஒன்றாயிற்று. ஒன்று இரண்டாயிற்று. பிறகு ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒன்று, படுக்கும்போது இரண்டு. எட்டு மாதம். இடையில் ஒருநாள் போடாமல் இருந்து பார்த்தேன். கை நடுங்கியது, எடுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கு எதுவும் ஆகவில்லை என்று என்னிடமே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அக்காவின் மாமியார் இறந்துபோனார். பெட்டிக்காரர்கள் ஆறு பேர் துக்கத்துக்குப் போனோம். அங்கே மாலை போட்ட படத்தில்தான் அந்த அம்மாவின் முகத்தை முதல்முதலாகப் பார்த்தேன். எட்டு மாதம் அவர் பெயரில் மாத்திரை வாங்கித் தின்றிருக்கிறேன், முகம் தெரியாது. சாதாரண முகம்தான். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. எனக்கு வெட்கமாகிவிட்டது. செத்தவர் பெயரில் இனி எப்படி வாங்குவது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த மாத்திரைகளைக் கக்கூசில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். நல்ல காரியம் செய்த திருப்தி. அப்படிப்பட்ட மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்று அரை டாக்டர்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. ஒரு பக்கம் பின்னி ரிப்பன் கட்டியது வரை நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. விழுந்தேன், கை கால் வெட்டி இழுத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன், பக்கத்து வீட்டார் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். மகள் கத்தவில்லையாம். மறுபாதித் தலைமுடி விரிந்தபடி சுவரோடு ஒட்டி நின்றாளாம்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். என் கணவர் மின்சார ரயில்களைப் பழுது பார்க்கும் அண்ணனூர் கார் ஷெட்டில் காண்ட்ராக்ட் வேலை செய்கிறவர்; அதிகம் பேசமாட்டார். சொந்தக்காரர்களிடம் லோ பிபி என்று சொல்லி மூடிவிட்டார். வீட்டுக்கு வந்த அன்று மகளைக் கூப்பிட்டு எனக்கு முன்னால் நிறுத்தி, என் வலது கையை எடுத்து அவள் உச்சந்தலையில் வைத்தார்.

“இவ தலமேல சத்தியம் பண்ணு. தூக்கத்துக்கு, மனசுக்குன்னு எந்த மாத்திரையும் இனிமே தொடமாட்டேன்னு.”

பண்ணினேன். கையின் கீழே அவள் தலை சூடாக இருந்தது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை பக்கம் போகாது. நான் காய்ச்சல் மாத்திரைக்குக்கூட அவரிடம் கேட்டேன். வீட்டிலுள்ள மாத்திரையெல்லாம் பீரோ லாக்கரில், நகை டப்பாவுக்குப் பக்கத்தில், பூட்டிக் கிடந்தது. பெட்டியில் யாராவது நெற்றியைப் பிடித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒன்பது வருடம் இப்படிப் போயிற்று. தூக்கம் தானாக வந்தது.

போன வருடம் வந்தது தூக்கம் சம்பந்தப்பட்டதில்லை. முதலில் சாப்பாட்டில் ருசி போயிற்று. பிறகு சமைப்பதே எதற்கு என்று ஆயிற்று. பச்சை இருக்க வேண்டிய இடத்தில் நீல ஒயர் இருந்த கட்டுகளை நான் சரி என்று அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் திட்டியபோது யாரையோ திட்டுகிறார் என்று நின்றுகொண்டிருந்தேன். இரண்டு தடவை அம்பத்தூரில் இறங்காமல் சென்ட்ரல் வரை போய்விட்டேன். தூங்கிவிடவில்லை. ஸ்டேஷன் வந்தது தெரிந்தது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. மகள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்வாள். நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாளில் அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

கம்பெனி நர்ஸ்தான் ஆவடியில் ஒரு மனநல டாக்டரின் பெயரைச் சொல்லி அனுப்பினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். முன்பு தூக்க மாத்திரை ஏதாவது எடுத்ததுண்டா என்றார். இல்லை என்றேன். வலிப்பு ஏதாவது? இல்லை. எட்டு மாதம் இன்னொருத்தியாக இருந்து பழகிய வாய்க்குப் பொய் ஒன்றும் கஷ்டமில்லை. மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டில் என் பெயர், என் வயது. கடையில் நீட்டியபோது என்னவோ போல் இருந்தது.

வாங்கிய அட்டையைக் கைப்பையில் சீசன் பாஸ் வைக்கும் அறையில் வைத்தேன். பதினோரு நாள் அது அங்கேயே இருந்தது. பாஸ் எடுக்கும்போதெல்லாம் விரலில் இடிக்கும். இரண்டு பயம் எனக்கு. ஒன்று, மறுபடி பாதி ஒன்றாகி, ஒன்று இரண்டாகி, மகள் கண் முன்னால் விழுவேன் என்பது. இன்னொன்றைச் சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள். அவள் தலைமேல் பண்ணிய சத்தியத்தை மீறினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அட்டையைக் கையில் எடுத்தால் உள்ளங்கையில் அந்தச் சூடு தெரியும்.

இரண்டாம் தடவை போனபோது, மாத்திரை எப்படி ஒத்துக்கொள்கிறது என்று டாக்டர் கேட்டார். நல்லா இருக்கு டாக்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆவடிக் கடைக்காரரிடம் முட்டி வலி சொன்ன அதே குரல் வந்தது. எனக்கே அருவருப்பாகி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜெராக்ஸ், எட்டு மாதம், கக்கூசில் கொட்டியது, வலிப்பு, சத்தியம் வரைக்கும். நான் முடித்ததும் அவர் பழைய சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார். வலிப்பு வந்த உடம்புக்கு அந்த மாத்திரையை எழுதியிருக்கவே மாட்டேன், நல்லவேளை போடவில்லை என்றார். வேறொன்று எழுதினார்.

இது அந்தத் தூக்க மாத்திரை ரகம் இல்லை என்று விளக்கினார். இன்னும் இன்னும் என்று கேட்க வைக்காது. உடனே வேலையும் செய்யாது, இரண்டு மூன்று வாரம் ஆகும். காலையில் சாப்பிட்ட பிறகு ஒன்று. கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் அவரைக் கேட்டுத்தான், பெட்டியில் கேட்டு இல்லை. முன்பு நான் செய்த தப்பு மாத்திரை போட்டது மட்டுமில்லை, யாரும் பார்க்காமல் போட்டது, யாரும் பார்க்காமல் நிறுத்தியது என்றார். சரி, சத்தியத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

“அதுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா. பண்ணச் சொன்னவர்கிட்டயே பேசிப் பாருங்க.”

அன்று சாயங்காலம் கணவர் வேலையிலிருந்து வந்து டீ குடித்து முடித்ததும், சீட்டையும் புது அட்டையையும் அவர் முன்னால் வைத்தேன். எங்களுடையது ஒரே ஹால். மூலையில் மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அப்போது பத்தாம் வகுப்பு. மெதுவாகத்தான் பேசினேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பிள்ளை தலைமேல் பண்ணியது, அதை எப்படி இல்லை என்று ஆக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதையே இரண்டு மூன்று விதமாகச் சொன்னார். வேண்டுமானால் திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய்ப் பரிகாரம் கேட்கலாம் என்றார். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று என்னைக் கேட்டார். முடியும் என்று தலையாட்டினேன். எனக்கு எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள முடிந்தது, வியாதியே அதுதான்.

மகள் பேனாவை மூடினாள்.

“என் தலமேலதானே பண்ணீங்க? என்கிட்ட யாராவது கேட்டீங்களா?”

அவள் அப்பாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. அன்றைக்கும் அவள் கத்தவில்லை என்று சொன்னார்கள் அல்லவா, அன்றும் இதே மாதிரிதான் இருந்திருப்பாள் என்று தோன்றியது.

“அன்னிக்கு நீ விழுந்தே, எழுந்துட்டேம்மா. இப்ப விழவே இல்ல, ஆனா எழுந்துக்கவும் மாட்டேன்ற. எனக்கு இதான் பயமா கீது.”

அவர் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார். லாக்கருக்குள் வைத்துப் பூட்டப்போகிறார் என்று நினைத்தேன். உள்ளேயிருந்த மாத்திரை டப்பாவை வெளியே எடுத்து, எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் தேடி, சாமி படத்துக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வைத்தார். புது அட்டையையும் அதன் மேலேயே வைத்தார்.

மறுநாள் காலை அவருக்கு முதல் ஷிப்ட், கிளம்பிப் போய்விட்டார். அன்று லீவு போட்டிருந்த நான் இரண்டு இட்லி சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. அட்டையிலிருந்து ஒன்றை அழுத்தி எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். சின்ன மாத்திரை, பழைய மாத்திரையைவிடச் சின்னது. பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பயத்தோடு சேர்த்துத்தான் விழுங்கினேன், தண்ணீர் ஒரு சொம்பு குடித்தேன்.

மகள் யூனிபார்ம் போட்டு, ஷூவும் மாட்டி, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நேரமாகவில்லையா என்றேன். முதல் பீரியட் டீச்சர் லீவு என்றாள். மடியில் புத்தகம் விரித்திருந்தது, பக்கம் திரும்பவில்லை. நான் பாத்திரம் கழுவினால் என் கையைப் பார்த்தாள். துணி மடித்தால் என் கையைப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்திருந்துவிட்டு, போய்ட்டு வரேம்மா என்று பையை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அவள் வருவதற்கு முன்பே பள்ளிக்கூடத்திலிருந்து வகுப்பாசிரியை போன் செய்தார். காலை முதல் பீரியடில் கணக்குப் பரீட்சை இருந்ததாம், இவள் எழுதவில்லையாம், கேட்டால் வாயைத் திறக்கவில்லையாம். பத்தாவது படிக்கிற பெண்ணை இப்படி விடலாமா என்று அவர் கேட்டதில் தப்பில்லை.

வீட்டில் உடம்பு சரியில்லை என்றேன்.

யாருக்கு என்றார்.

எனக்கு என்றேன்.