சுவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி

எண்பதுகளில், நான் படித்த திருச்சிக் கல்லூரியின் ஏ.சி. கம்ப்யூட்டர் அறையில் அவர் ஆபரேட்டர். சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். ஸ்ரீரங்கத்தில் தான் தனியாகக் குடியிருந்த வீட்டை டேப்பால் அளந்து, மூலை மூலையாக எண்களைக் கொடுத்துத் திரையில் எழுப்பியிருந்தார். வேலை முடிந்ததும் தினமும் அதை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எல்லாம் வெறும் பச்சைக் கோடுகள். சுவரைத் தாண்டி உள்ளேயிருக்கும் ஒற்றை நாற்காலியும் தெரியும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பின்னாடி இருக்கிற கோடெல்லாம் மறையணும் சார். நான் சரிபண்ணித் தரேன்" என்று ஒரு வாரம் உட்கார்ந்து புரோகிராம் எழுதினேன். வீடு நிஜ வீடாகவே நின்றது; நாற்காலி சுவருக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

வெகுநேரம் பார்த்தார். "ரொம்ப நல்லாருக்குங்க. ஆனா உள்ள யாரோ இருக்காங்கன்னே தெரியலையே."

என் புரோகிராமை அவர் அழிக்கவில்லை. வீட்டைத் திருப்பிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார்.