டைமிங் லைட்டைப் பிடித்திருந்தவள்

என் கணவரின் வலக்கையில் இரண்டு விரல்கள் போனதற்கு நான்தான் காரணம். ஆபத்தைப் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை!

இல்லை... பார்த்தேனா? அதுதான் எனக்கே விளங்கவில்லை. கேட்டுவிட்டு நீங்களாவது சொல்லுங்கள்.

நாட்டின் தலைநகரில், சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பு. அவர் மத்திய அரசு அதிகாரி. ஞாயிறு என்றால் அவருக்குத் தம் பழைய பியட் கார்தான் உலகம். சென்ற குளிர்காலத்தில் அது திணறித் திணறி ஓடியது. இன்ஜினுக்குள் தீப்பொறி விழும் நேரம் தவறுகிறது என்று சொல்லி, அதைச் சோதிக்க ஒரு டைமிங் லைட் வாங்கி வந்தார்.

துப்பாக்கி வடிவத்தில் ஒரு விளக்கு. அதன் ஒயரை இன்ஜினின் முதல் ஸ்பார்க் பிளக்கின் ஒயரில் கவ்வவிட்டால், பொறி விழும் ஒவ்வொரு முறையும் விளக்கு மின்னும். அந்த மின்னலில், இன்ஜின் முன்னால் சுழலும் சக்கரத்தின் மேல் போட்ட சாக்பீஸ் கோடு அசையாமல் நிற்பதுபோல் தெரியும். கோடு உரிய இடத்துக்கு வரும்வரை அவர் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது சிறிதாகத் திருப்புவார். விளக்கைப் பிடிப்பது என் வேலை.

"இந்த வெளிச்சத்துல இன்ஜின் ஃபேனும் நிக்கிற மாதிரிதான் தெரியும், வசந்தி. நம்பிடாதே. என் கை அந்தப் பக்கம் போச்சுன்னா உடனே கத்து."

"சரிங்க" என்றேன். ஆம், அப்படிச் சொன்னேன்! தெரியாமல் நடந்தது என்று நான் எப்படித் தப்பிக்க முடியும்?

ஆனால் அன்று என் மனம் என்னிடம் இல்லை. முதல் நாள் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய அலுவலக நண்பரின் மனைவி கேட்டாள்: "உங்க வீட்டுக்காரர் திருச்சி டிரான்ஸ்ஃபர் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாராமே, ஏங்க?"

திருச்சியில் என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார். தங்கை ஒருத்தியே எல்லாம் செய்துகொண்டிருந்தாள். அந்த ஊருக்கே மாற்றல் வந்திருந்தது எனக்குத் தெரியாது... அவரிடம் நான் கேட்கவும் இல்லை. மறுநாள் பேசாமல் இட்லி வைத்தேன். பேசாமல் விளக்கைப் பிடித்தேன்.

வெளியே பனிமூட்டம். கார் ஷெட்டுக்குள் அரையிருட்டு. இன்ஜின் உறுமியது. ஃபேனின் தகடுகள் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்போல் நின்றன. அவர் குனிந்து சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருது... வருது... போதும்! அப்படியே பிடி."

விளக்கின் ஒயர் தொய்ந்து ஃபேன் பக்கம் இறங்கியது. அதை ஒதுக்கக் கையை நீட்டினார்.

அந்தக் கையை நான் பார்த்தேன்.

ஃபேன் நின்றுவிட்டது என்று என் கண் நம்பியதா? அல்லது 'படட்டும்' என்று நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சொன்னதா? இரண்டும் எனக்கு நினைவிருக்கிறது! இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? ஒரு கூப்பாடு... அதற்கு நேரம் இருந்தது என்றே தோன்றுகிறது. அவர் அலறிய பிறகுதான் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன்.

விரல்களை ஒட்டவைக்க முடியாது என்றார்கள் மருத்துவர்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னார்: "இவ மட்டும் சட்டுனு இன்ஜினை ஆஃப் பண்ணலைன்னா கையே போயிருக்கும்." நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சில நாள்களுக்கு முன் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "உங்க கை போறதைப் பார்த்தேங்க. கத்தலை."

"நிக்கிற மாதிரி தெரிஞ்சிருக்கும். எனக்கே அப்படித்தானே தெரிஞ்சுது? விடு."

"உங்க மேல கோவமா இருந்தேன். திருச்சி விஷயம்."

அவர் முகம் வாடியது. "அத்தையை இங்க கூட்டிட்டு வந்து பெரிய ஆஸ்பத்திரியில காட்டலாம்னு நெனச்சேன். உன்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும். தப்புதான், வசந்தி."

மன்னிப்புக் கேட்டவர் அவர்! நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா? விழுந்தும் விழாததுபோல் இருந்துவிட்டாரா? மறுபடி சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

இன்று காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது, சட்டையின் இடக்கைப் பொத்தானைப் போட்டுவிடச் சொல்லி மணிக்கட்டை நீட்டினார். பொத்தான் என் விரல்களிலிருந்து இரண்டு முறை நழுவியது.

"குளிருதா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.