லோடு பத்தாத சைக்கிள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கால்தான் கிளம்பும். இருந்த இடத்தில் இருந்துகொண்டு கத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது; எழுந்து நேரே போய் நின்றுதான் கத்துவேன். அப்படிப்பட்டவளுக்கு ஒரு கால் மடங்காமல் போனால் வீடு என்ன பாடுபடும் என்று என் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

போன ஆவணியில், போடிமெட்டுக்குக் கீழே இருக்கிற எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் காயெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது வழுக்கி விழுந்தேன். மழை ஈரம், பாறை, தேய்ந்த செருப்பு, மூன்றும் பேசிவைத்துக்கொண்டு சேர்ந்துவிட்டன. வலது முழங்கால் சில்லு இரண்டாக உடைந்தது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலை ரோட்டு வளைவுகளில் அவருக்கு வாந்தி வரும், அதனால் தோட்டத்துக்கு வருவதே அபூர்வம். அன்றைக்கு என்னவோ கூட வந்திருந்தார். வாடகை ஜீப்பில் அவர் மடியில் தலை வைத்துக் கத்திக்கொண்டே கீழே இறங்கினேன்.

கத்தியது வலியால் மட்டும் இல்லை. காயெடுத்துக்கொண்டிருந்த எட்டுப் பெண்களும் கூடையைப் போட்டுவிட்டு அதே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டார்கள். பாதி நாள் வேலை அப்படியே கிடக்கிறது, பழுத்த காய் வெடித்து வீணாகப் போகிறது, இவர்களுக்கு வேடிக்கை! "ஏண்டி, இங்க என்ன குரங்கு வித்தையா காட்டுறாக, எல்லாம் கிளம்பி வர்றீக?" என்று அந்த வலியிலும் கேட்டேன். ஒருத்தியும் பதில் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்த புண் ஆறியது, அந்தக் கோபம் ஆறவில்லை.

கட்டுப் பிரித்தபோது கால் உலக்கை மாதிரி விறைத்துக் கிடந்தது. அன்றைக்குச் சாயந்திரமே அவர் ஆரம்பித்தார்.

"தோட்டத்தப் பாட்டத்துக்கு விட்ருவோம். எங்க அண்ணன் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

இருபது வருஷமாக நான் ஏறி இறங்கிய தோட்டம். எந்தச் செடி சோம்பேறி, எது வாரி வழங்கும் என்று எனக்குத் தெரியும். அதை இன்னொருவர் கையில் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு நான் வீட்டில் டிவி பார்க்க வேண்டுமாம்.

"தை பொறக்கிறதுக்குள்ள யாரும் கை குடுக்காம ஜீப்புப் படியில நானா ஏறிருவேன். ஏறலைன்னா தாராளமா விட்டுக்கங்க. ஏறிட்டேன்னா பாட்டம்கிற பேச்சே இந்த வீட்டுல இருக்கக் கூடாது" என்றேன். அவரும் சரி என்றார். ஏறமாட்டேன் என்கிற தைரியம்!

பிசியோதெரபிக்கு வந்த பெண் சின்ன வயசு, ஆனால் கறாரானவள். "தினமும் அரை மணி நேரம் வீட்டுக்குள்ள சைக்கிள் மிதிங்கம்மா, தானா மடங்கும்" என்றாள். சைக்கிள் இருந்தது. மகள் சென்னையில் இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கி, கல்யாணம் ஆனதும் ஒரு இரும்பு ஸ்டாண்டோடு சேர்த்து எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது. அந்த ஸ்டாண்டில் பின்சக்கரத்தை மாட்டிவிட்டால் சைக்கிள் நின்ற இடத்திலேயே ஓடும். மகளின் பழைய சுடிதாரையும் நானே தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் போனார். எனக்குக் கேட்டது.

அரை மணி நேரமாம்! ஏழாவது நிமிஷத்தில் உட்காருகிற இடம் செத்துப்போனது. முழங்கால் வலியை நான் பொறுத்துக்கொள்வேன், இதை யாரிடம் போய்ச் சொல்வது? மகளிடம் போனில் சொன்னேன். ரோட்டில் ஓட்டும்போது சைக்கிள் நம்மோடு சேர்ந்து அப்படியும் இப்படியும் சாயுமாம். ஸ்டாண்டில் இறுக்கிவிட்டால் அது அசையாது, பாரமெல்லாம் சீட்டில் ஒரே இடத்தில் இறங்குமாம். அதற்கு ஆடும் பலகை செய்துகொள்கிறார்கள் என்று ஒரு வீடியோ அனுப்பினாள். எந்த நாட்டுக்காரனோ, இரண்டு பலகைக்கு நடுவில் பந்துகளை வைத்து, அதன் மேல் சைக்கிளை நிறுத்தித் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தான்.

என் தம்பி போடியில் ஜீப் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். விடிகாலையில் ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப்புகளில் பாதி அவன் கைபட்டவை. வீடியோவைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினான்.

"பந்தாக்கா? பிள்ளைக வெளையாட்டு. எத்தன நாளைக்கு நிக்கும்? என்கிட்ட விடு, நான் பாத்துக்கிறேன்."

மூன்று நாள் கழித்து லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. நாலு பேர் மூச்சுப்பிடித்துத் தூக்கிவந்து ஹாலில் வைத்தார்கள். கீழே ஒரு பலகை, மேலே ஒரு பலகை, நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக, ஜீப்புக்கு அடியில் பாரம் தாங்குகிற இரும்புப் பட்டை ஸ்பிரிங் கட்டு இரண்டு. பச்சைப் பெயின்ட் வேறு. தம்பி முகத்தில் அப்படியொரு பெருமை.

சைக்கிளை ஏற்றி மாட்டினார்கள். நானும் ஏறி மிதித்தேன். ம்ஹூம். ஹால் தரைகூடக் கொஞ்சம் அசைந்திருக்கும், பலகை அசையவில்லை.

"பன்னெண்டு ஆளு, ஆறு மூட்டை ஏத்துனாலும் அசையாதுக்கா!"

"அசையணும்னுதானடா செய்யச் சொன்னேன்!"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக மலை ரோட்டில் பாரம் தாங்குகிற வண்டியைப் பார்த்தே பழகிய கை. ஹாலில் ஒரு பொம்பளை தனியாக மிதிக்கப்போகிறாள் என்பது அதற்கு ஏறவே இல்லை. தலையைச் சொறிந்தான். பலகையைச் சுற்றி வந்தான். பிறகு கண்டுபிடித்துவிட்டான்.

"லோடு பத்தலக்கா."

எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வெறும் ஜீப் ஒவ்வொரு குழிக்கும் குதித்து இடுப்பை ஒடிக்கும். ஆளும் மூட்டையும் ஏறினால்தான் ஸ்பிரிங் அமர்ந்து, வண்டி மெத்தென்று போகும். தம்பி அடுப்படியிலிருந்து அரிசி மூட்டையை இழுத்துவந்து ஒரு பக்கம் வைத்தான். லேசாக இறங்கியது, ஆனால் பத்தவில்லை. அவனே ஏறலாம் என்றால் ஒர்க்‌ஷாப்பில் சோலி கிடக்கிறது.

"நீங்க உக்காருங்க மச்சான்."

என் வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு, மறுபக்கம் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் மிதித்தேன். பலகை மெதுவாக இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் வந்தது. உயிர் வந்த மாதிரி இருந்தது.

அதிலிருந்து தினமும் காலையில் இதே கூத்துதான். இந்தப் பக்கம் அரிசி, அந்தப் பக்கம் புருஷன், நடுவில் சுடிதாரில் நான். கருவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். "வீட்டுக்குள்ளயே ஊர்வலம் போறீகளாக்கா?" என்று கேட்டாள். நாலே நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியட்டும், எனக்கென்ன. பத்து நிமிஷம் பதினைந்து ஆனது, பதினைந்து இருபது ஆனது.

கார்த்திகையில் ஒருநாள் மிதித்துக்கொண்டிருக்கும்போது தோட்டத்துப் பெண்களில் மூத்தவள் போன் செய்தாள். நான் எடுக்கவில்லை.

"எடுத்துப் பேசேன்" என்றார் கீழேயிருந்து.

"என்னத்தப் பேச? அன்னைக்கு வேலையப் போட்டுட்டு வேடிக்க பாக்க ஏறி வந்தவளுகதான?"

அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"அவங்களா ஏறல. நான்தான் ஏறச் சொன்னேன்."

"எதுக்கு?"

"வெறும் ஜீப்பு குதிச்சுச்சு. மொத பள்ளத்துலயே நீ போட்ட சத்தத்துல எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு. லோடு ஏறுனாத் தாலாட்டுற மாதிரி போகும்னு டிரைவர் சொன்னாரு. அங்கயே வண்டிய நிறுத்தச் சொல்லி, கூடையப் போட்டுட்டு எல்லாரும் ஏறுங்கம்மான்னு நான்தான் கும்பிட்டுக் கேட்டேன். உன் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது."

"ஒருத்திகூட அதச் சொல்லலையே?"

"உன் வாய்க்கு முன்னால எவ வாயத் தொறப்பா?"

பலகை ஆடிக்கொண்டிருந்தது. அவர் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "லோடு ஏத்தியும் ஒவ்வொரு வளைவுலயும் நீ கத்துன. இன்னொரு தடவ அதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. அதுக்குத்தான் பாட்டம்னேன். அண்ணனுக்காக இல்ல."

நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். இரண்டு மாதமாக இந்த மனுஷன் தோட்டத்தைத் தன் அண்ணனுக்குத் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, சாப்பாடு போடும்போதுகூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேனே. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"நிறுத்தாத, மிதி. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு" என்றார்.

இறங்கியதும் முதல் வேலையாக அந்த மூத்தவளுக்குப் போன் போட்டேன். மன்னிப்பெல்லாம் எனக்குக் கேட்கத் தெரியாது, திட்டுகிற குரலிலேயே, "ஏண்டி சொல்லல?" என்றேன். "விடுங்கக்கா, நீங்க திட்டத் திட்டத்தான் எங்களுக்கு உசுரு வந்துச்சு. வாயி நல்லாருக்கு, ஆளுக்கு ஒண்ணுமில்லன்னு" என்றாள். நல்ல மரியாதை.

பத்து நாள் கழித்துத் தம்பி ஸ்பேனரோடு வந்தான். இரண்டு ஸ்பிரிங் கட்டிலிருந்தும் மும்மூன்று பட்டையைக் கழற்றிவிட்டால் லோடே தேவையில்லை, தானாக ஆடும், மச்சானுக்கும் விடுதலை என்றான்.

"ஒண்ணும் வேணாம். இருக்கிறபடி இருக்கட்டும். போயி உன் சோலியப் பாரு" என்றேன். அவர் பேப்பரை விட்டு நிமிரவில்லை, ஆனால் ஒரே பக்கத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்கழி முடிய நாலு நாள் இருந்தது. அன்றைக்குக் காயெடுப்பு இல்லை. தோட்டத்தைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று வாடகை ஜீப் ஒன்றை வீட்டு வாசலுக்கே வரச்சொன்னேன். விடிந்தும் விடியாத பனியில் அது வந்து நின்றது. உள்ளே டிரைவரைத் தவிர ஒருவரும் இல்லை. பின்படியைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக ஏறிய படிதான், அன்றைக்கு மட்டும் ஒரு முழம் கூடிப்போன மாதிரி தெரிந்தது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வலது காலை வைத்தேன். முட்டி மடங்கியது, ஆனால் உன்னி எழும்போது வலி பிடுங்க, கால் சறுக்கித் தரைக்கு வந்துவிட்டது. டிரைவர் கை நீட்டினார். "கைய எடுங்கண்ணே!" என்றேன். அவர் பயந்து எடுத்துக்கொண்டார். பின்னால் என் வீட்டுக்காரர் நிற்கிறார் என்று தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்து மறுபடியும் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிட்டேன். ஏறி சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்!

பாட்டம் ஒழிந்தது என்று சொல்லத் திரும்பினேன். அவர் கையில் எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்துக்கொண்டு பின்னாலேயே ஏறிக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்க வர்றீக? வளைவுல வாந்தி வருமே."

"வெறும் ஜீப்புல்ல" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். "லோடு பத்தாது."