பக்கத்து சீட்டின் சிவப்பு விளக்கு

என் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு, காரின் முன்பக்கத்தில் அவள் உட்காரும் சீட்டைக் கழற்றிவிட்டு வேறொன்று போட்டோம். பொத்தானை அமுக்கினால் அது கதவுப் பக்கம் திரும்பி, வெளியே நீண்டு, சக்கர நாற்காலியின் உயரத்துக்கு இறங்கி நிற்கும். முதல் தடவை அதில் சுற்றி வந்தபோது, "இன்னா மாமா, என்னை ராட்டினத்துல குந்த வச்சிட்ட" என்று சிரித்தாள். அதற்கப்புறம் அவளை வீட்டுக்குள் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு. கல்யாணம், கோயில், கறிக்கடை எல்லாவற்றுக்கும் காரில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

அவள் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்து சில நாள் கழித்து மணிமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர் மனைவி மாடிப்படியில் விழுந்து படுத்த படுக்கை. அந்தச் சீட்டை விலைக்குத் தருவீர்களா என்று கேட்கவே கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். விலை பேசவா அவள் அதில் உட்கார்ந்தாள்? சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். என் மகளும், "குடுத்துடுப்பா, அவங்களாவது வெளிய வாசல்ல போவட்டும்" என்றாள்.

கழற்றும் வேலைக்கு நான் யாரையும் கூப்பிடவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் கம்பெனியில் சீட்டு மாட்டும் ஸ்டேஷனில்தான் என் பாதி ஆயுசு போனது. நான்கு போல்ட், அடியில் ஏர்பேக் ஒயருக்கு ஒரு மஞ்சள் கனெக்டர். தூக்கத்தில் எழுப்பி விட்டாலும் செய்வேன். அந்தத் திமிர்தான் காலை வாரிவிட்டது. வண்டிகள் வரிசையாக நகர்ந்து வரும் லைனில் எங்கள் ஸ்டேஷனுக்கு வரும்போது வண்டிக்கு உயிரே இருக்காது. பேட்டரி இணைப்பு, சாவி எல்லாம் எங்களைத் தாண்டிப் போன பிறகுதான். அதனால் சீட்டைத் தொடும் முன் சாவியைப் பார்க்கும் பழக்கம் எங்கள் ஆட்கள் யாருக்கும் கிடையாது. அந்தச் சீட்டோ சாவி போட்டால்தான் வெளியே நகரும். சாவியைப் போட்டேன், சீட்டை நகர்த்தி போல்ட்டைக் கழற்றினேன், சாவியை எடுக்காமல் அப்படியே கனெக்டரையும் பிடுங்கினேன்.

வண்டியோடு வந்த பழைய சீட்டை மாட்டி வண்டியைக் கிளப்பினால் ஏர்பேக் விளக்கு சிவப்பாக எரிகிறது. ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது போல ஒரு சின்னப் படம். நான் அடியில் படுத்துக் கனெக்டரை மூன்று நான்கு தடவை கழற்றி மாட்டினேன். விளக்கு அசையவில்லை.

அந்த விளக்கு எரிந்தால் இடித்தாலும் ஏர்பேக் விரியாது. லைனில் அப்படி ஒரு வண்டியை வெளியே விடமாட்டோம். மகளிடம், "லைட்டு போற வரைக்கும் நீ பின்னாடியே குந்து" என்றேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் பின்கதவைத் திறந்தாள்.

தினமும் காலையில் அவளை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவேன். அங்கிருந்து அவள் வேலைக்கு ரயில் பிடிப்பாள். ஒரகடத்து லாரிகளுக்கு நடுவே போகும் அந்தப் பயணத்தில் இடது பக்கம் திரும்பினால் காலிச் சீட்டு. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. சுடுகாட்டில் கல் மாதிரி நின்றவன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மகள் முன்னால் நான் உடையக் கூடாது என்று நின்றேன், அவ்வளவுதான். பக்கத்தில் மகள் வந்து உட்கார்ந்தால் போதும், கொஞ்சம் மூச்சு விடலாம் என்றிருந்தது. அதற்கு விளக்கு போயாக வேண்டும்.

படப்பையில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "சாவி போட்டுக்கினே கனெக்டர புடுங்கினீங்களாண்ணா?" என்று கேட்டார். கார் கம்பெனியில் சீட்டு மாட்டியவன் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். "ஒயர்ல ஒண்ணும் கொற இல்ல. சீட்டு காணாம போச்சின்னு வண்டி ஒரு வாட்டி மனசுல வச்சிக்கிச்சி. திருப்பி மாட்னாலும் அதுவா மறக்காது. அழிச்சிடவா?"

வண்டி மறக்க ஒரு பொத்தான் இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் வயிறு எரிந்தது. அப்புறம், அழிப்பா என்றேன். விளக்கு போயிற்று.

மறுநாள் காலை மகள் வழக்கம்போல் பின்கதவில் கை வைத்தாள். "லைட்டு போயிடுச்சுமா. முன்னாடி வா" என்றேன்.

அவள் கதவைத் திறக்கவும் இல்லை, முன்னால் வரவும் இல்லை. "லைட்டுக்காவ நான் பின்னாடி குந்தலப்பா" என்றாள்.

"பின்ன?"

"நீ வண்டிய எடுத்ததும் அழுவ ஆரம்பிச்சிடுற. தெனமும். சத்தம் வராததால எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீற. பக்கத்துல குந்திக்கினு அத எப்படிப்பா பாக்கறது?"

கண்ணில் தண்ணீர் வருவது எனக்குத் தெரியும். ஏசிக் காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் உட்கார்ந்து என் முதுகைப் பார்த்தபடி, இத்தனை நாளும் அவள் அதைச் சுமந்திருக்கிறாள்.

அவள் நான் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்து கையை நீட்டினாள். "சாவியக் குடு. நான் ஓட்டுறேன். நீ அங்க குந்திக்கினு அழு."

இறங்கிச் சுற்றிப் போய் என் மனைவியின் இடத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சீட்டு மாட்டியவன், என் சொந்தக் காரில் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. மகள் பெல்ட்டைப் போடச் சொன்னாள். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் எனக்குச் சத்தமாகவே அழுகை வந்துவிட்டது. அவள் ரோட்டைப் பார்த்து நிதானமாக ஓட்டினாள். ஸ்டேஷனில் அவள் இறங்கிப் போன பிறகு நான் மறுபடி ஸ்டியரிங் பக்கம் மாறிக்கொண்டேன். அன்றைக்கு, அவள் பார்த்துவிடுவாளே என்று அவசர அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.