ஆறு பேர் என்று எழுதியவர்

நகர்மன்றம் நடத்தும் தீயணைப்பு நிலையத்தின் அலுவலரை எல்லாரும் ஏணி என்றே அழைத்தனர். உயரத்தால் வந்த பெயர் அது. இருபத்தாறு ஆண்டுப் பணியில் எத்தனை உயிர்களை மாடிச் சன்னல்களிலிருந்து இறக்கினார் என்பதை அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால், நிலையத்தில் காலியாகக் கிடந்த பணியிடங்கள் எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்: ஒன்பது.

வண்டி ஒன்று புறப்பட ஆறு பேர் வேண்டும் என்பது விதி. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாமையால், ஒரு முறைப்பணிக்கு நான்கு பேர் தேறினாலே பெரிய காரியம். மணி அடித்தால், பின்புறக் குடியிருப்பில் ஓய்வில் இருப்பவர்கள் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து ஏறிக்கொள்வர். அவர்களை யாரும் அழைப்பதில்லை. மணி கேட்டபின் வீட்டில் உட்கார்ந்திருக்க அவர்களுக்குத்தான் முடிவதில்லை.

அப்படி ஓய்வு நாளில் ஓடிவந்தவன்தான் ஏணியின் மைத்துனன், மனைவியின் தம்பி. ஆலையொன்றின் கூரை சரிந்து அவனுடைய கால் முறிந்தது. பணிப் பதிவேட்டில் பெயர் இல்லாததால், அன்று அவன் பணியிலேயே இல்லை என்று சொல்லி நிர்வாகம் கையை விரித்துவிட்டது. அன்று தொடங்கியது ஏணியின் வழக்கம். எவர் ஓடிவந்து ஏறினாலும், வண்டி வாசலைத் தாண்டுமுன் பதிவேட்டை முழங்காலில் வைத்து, அவருடைய பெயருக்கு நேரே 'முறைப்பணி' என்று எழுதிவிடுவார். பொய்தான். ஆனால், அடிபட்டவனின் குடும்பம் நடுத்தெருவில் நிற்காதிருக்கச் சொல்லப்பட்ட பொய். பதிவேட்டைப் புரட்டினால் எந்தப் பக்கத்திலும் ஆறு பேர் இருப்பர்.

கால் தேறியதும் மைத்துனன் வேலையை விட்டான், தேர்தலில் நின்றான், நகர்மன்ற உறுப்பினரும் ஆனான்.

"நொண்டி நொண்டித் தெருத்தெருவா ஓட்டு வாங்கிட்டான்ணே. ஜெயிச்ச அன்னைக்குப் பார்த்தேன், படியை ரெண்டு ரெண்டா தாவுறான்!" என்று வண்டி ஓட்டுநர் சிரித்தார். ஏணி அதட்டி அடக்கினார்.

அதே ஓட்டுநர், மூன்று நாள் ஓய்வின்றி ஓட்டியதால் ஒரு நண்பகலில் கண்ணயர்ந்து, வண்டியைப் பள்ளிச் சுவரில் மோதினார். அது விடுமுறை நாள் என்பதால் பிள்ளைகள் பிழைத்தனர். இனியும் பொறுப்பதற்கில்லை என்று ஏணி மைத்துனனை வீட்டுக்கு வரச்சொன்னார்.

"கவலையை விடுங்க மச்சான். ஒன்பது இடத்தையும் நிரப்பணும்னு நானே தீர்மானம் போடறேன். பதிவேட்டு நகல் மட்டும் குடுங்க. எத்தனை தடவை மணி அடிச்சுதுன்னு காட்டணும்ல?"

"அதுல பேரெல்லாம் எப்படி ஏறியிருக்குன்னு உனக்குத் தெரியும்ல மாப்ளே?"

"என் காலாலதானே அந்தப் பழக்கமே வந்துச்சு! எனக்குத் தெரியாதா?"

அடுப்படியிலிருந்து அவருடைய மனைவி, "என் தம்பி இருக்கான். இனிமே நிம்மதியாத் தூங்குங்க" என்றாள். பதினோரு மாதத்து நகல்களை ஏணி தம் கையாலேயே அடுக்கி, நூல் கட்டிக் கொடுத்தார்.

மன்றக் கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. பொதுமக்கள் முதலில் மூன்று நிமிடம் பேசலாம். அதன்பின் பார்வையாளர் வரிசையில் வாய்திறக்கக் கூடாது. ஏணி ஓட்டுநரின் கதையைச் சொல்லி, இரண்டரை நிமிடத்தில் முடித்து அமர்ந்தார். மீதியை மைத்துனன் பார்த்துக்கொள்வான் என்றிருந்தார்.

மைத்துனன் எழுந்தான். நூலை அவிழ்த்தான்.

"தலைவர் அவர்களே, என் தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். இது நிலையத்தோட பதிவேடு. பதினோரு மாசத்துல ஒரு தடவைகூட வண்டி ஆறு பேருக்குக் குறைஞ்சு போகல. கையெழுத்து, இப்ப பேசினாரே, அந்த அலுவலரோடதுதான். ஆள் பத்தலன்னா இது எப்படி? அந்த ஒன்பது இடத்தையும் ரத்து பண்ணலாம்னு முன்மொழியறேன்."

ஏணி தம்மையறியாமல் எழுந்தார். "அது பொய்ப் பதிவு! எழுதினது நான். அவனுக்கே தெரியும்!"

தலைவர் மணியைத் தட்டினார். "பார்வையாளர் பேச அனுமதியில்ல. உட்காருங்க. இது குறிப்புல ஏறாது."

பதினொருவர் கை தூக்கினர், நால்வர் எதிர்த்தனர். பணியிடங்கள் ரத்தாயின. அதற்குள் அடுத்த பொருளாகத் தெருவிளக்குப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது.

நடைவழியில் மைத்துனன் ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்தான்.

"கோவப்படாதீங்க மச்சான். அடுத்த மாசம் துணைத்தலைவர் பதவி எனக்குத்தான்னு பேச்சு. செலவைக் குறைச்சுக் காட்டாம எவன் தருவான்? நீங்க எந்திரிச்சுக் கத்தினா அதைக் குறிப்புல ஏத்த வேண்டாம்னு தலைவருக்கு முன்னாடியே சீட்டு அனுப்பினதே நான்தான். இல்லேன்னா உங்க வேலை போயிருக்கும். உங்களைக் காப்பாத்தியிருக்கேன்."

"கூரை விழுந்தன்னைக்கு உன்னைத் தோள்ல போட்டு வெளியே தூக்கிட்டு வந்தேன். நீ என்னை எங்க கொண்டுவந்து போட்டிருக்கே பாரு" என்று சொல்லி ஏணி கையை உதறினார்.

பிறகு அவர் மன்ற எழுத்தரின் மேசைக்குச் சென்றார். "வாயால சொன்னது ஏறாதுன்னா, எழுதிக் குடுத்தா ஏறுமாம்மா?"

"எழுதிக் குடுத்தா அடுத்த கூட்டத்துல படிச்சே ஆகணும் சார். தலைவரே நினைச்சாலும் நீக்க முடியாது."

அவர் நின்றவாறே எழுதினார்: 'பதினோரு மாதப் பதிவேட்டில் முறைப்பணி எனக் குறிக்கப்பட்டவர்களுள் பலர் ஓய்வில் இருந்தவர்கள். அவ்வாறு எழுதியவன் நான் ஒருவனே. என் ஆட்களுக்கு இதில் பங்கில்லை.'

எழுத்தர் படித்தாள், முத்திரையை எடுத்த கை நின்றது. "ரிட்டயர்மென்டுக்கு எவ்வளவு நாள் சார் இருக்கு?"

"பதினாலு மாசம்."

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்கு வாங்களேன்."

"போடும்மா."

முத்திரை விழுந்தது. வரிசை எண் எழுதிய ஒப்புகைச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைக்கும்போது, அவருடைய கைப்பேசி ஒலித்தது. மனைவி.

"என்னங்க, கூட்டம் முடிஞ்சுதா? தம்பி பேசினானா?"

"பேசினான்."

"நல்லாப் பேசினானா?"

நடைவழியின் மறுமுனையில் உறுப்பினர்கள் மைத்துனனின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தனர். ஏணி வாசலை நோக்கித் திரும்பினார்.

"கதவைத் தாழ் போட்டுக்கோ" என்றார். "அவன் முதல்ல வந்தா திறக்காதே. நான் வந்து சொல்றேன்."